மழை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

"ஒரு துளி மழைகூட இல்லையே, மெட்ச்ச ஏன் டீச்சர் நிப்பாட்டுறீங்க?"

சென்ற ஒக்டோபரில் பதுளையில் நடந்த மென்பந்து கிரிக்கெட் போட்டியில் ஒரு தோழியின் வாப்பா நடுவரிடம் இப்படிச் சத்தம் போட்டார். மலைக்கு அப்பால் இடி முழங்கிக்கொண்டிருந்தது. நடுவராக நின்ற ஆசிரியை தயங்கினார், ஆட்டம் தொடர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வெட்டவெளியில் மட்டையோடு நின்றவள் நான்.

ஆடுவது ஆபத்தா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கிரிக்கெட்டின் 2ஆம் விதி நடுவர்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. அணித் தலைவிக்கோ, பரிசளிக்க வந்த விருந்தினருக்கோ, வாப்பாமாருக்கோ அல்ல.

மின்னல் தெரிந்து 3 விநாடியில் இடி கேட்டால் அது ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 30 விநாடிக்குள் கேட்டாலே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஊவாவில் இடிமின்னல் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். நம் போட்டிகளும் அதே நேரத்தில்தான்!

2024 நவம்பரில் பெரு நாட்டின் மலைநகரான ஹுவன்காயோ அருகே ஓர் உதைபந்தாட்டத்தை நடுவர் நிறுத்தியே விட்டார். வீரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி ஒருவர் இறந்தார். நிறுத்தியும் பிந்திவிட்டது.

ஆகவே பெற்றோரே, நடுவர் கையை உயர்த்தினால் காரணம் கேட்டு நிற்காதீர்கள். பிள்ளைகளை மரத்தடிக்கு அல்ல, கட்டடத்துக்குள் கூட்டிப் போங்கள். தோட்டத்து மைதானங்கள் பலவற்றில் அப்படி ஒதுங்க ஒரு கட்டடமும் கிடையாது. அங்கே போட்டி வைப்பவர்கள், பஸ்ஸைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கட்டும்.