தூய்மையும் புட்டியும் பேடண்டு உரிமையும்

அறிந்த பொருளொன்றைச் சற்றுக் கூடுதலாகத் தூய்மையாக்கிப் புதுப் புட்டியில் அடைத்து, புதியதொரு பயனையும் கூறிவிட்டால் அது புதுக் கண்டுபிடிப்பாகிவிடுமா? பேடண்டு வழக்குகளில் எழும் இவ்வினாவுக்கு விடை காண ஹைட்ரஜன் பெராக்ஸைடு தக்க சான்றாகும்.

1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார் கண்டறிந்த இப்பொருள், தானாகவே நீராகவும் ஆக்ஸிஜனாகவும் சிதையும் இயல்புடையது. ஒளி, வெப்பம், இரும்பு, செம்பு முதலியவற்றின் சிறு மாசு ஆகியவை அச்சிதைவை விரைவுபடுத்தும். ஆகவே, இதில் தூய்மையும் அடைப்பும் பயனும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மாசு நீங்கினால் பொருள் நெடுநாள் கெடாது. செறிந்த கரைசலைக் காற்று வெளியேற வழியின்றி மூடினால் கலம் வெடிக்கக்கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலைக் கையாளலாம். 30 சதவீதக் கரைசலோ தோலைச் சுட்டுவிடும்.

1970ஆம் ஆண்டின் இந்தியப் பேடண்டுச் சட்டம், 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துடன், இங்கு நல்லதொரு வரையறை செய்துள்ளது. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாவிடில், அறிந்த பொருளின் தூய வடிவமும் அதே பொருளாகவே கருதப்படும். அறிந்த பொருளுக்குப் புதிய பயன் ஒன்றைக் கண்டறிதல் மட்டும் உரிமைக்கு உரியதன்று. ஆனால், தூய்மையாக்கும் புதிய முறையையோ, வாயுவை வெளிவிட்டுத் திரவத்தைத் தடுக்கும் புதிய மூடியையோ உண்மையாகவே படைத்தவர் உரிமை கோரலாம். இது நேர்மையான ஏற்பாடு என்பதே நம் கருத்து.

எனினும், பிற நாடுகளில் பயனுக்கும் உரிமை வழங்கப்படுவதுண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட உரிமை, 1997இல் நீக்கப்பட்டது. நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் முந்திய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டியதே அதற்குக் காரணம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பிற நாட்டில் வழக்கத்தில் உள்ளது என்று கூறுவது போதவில்லை. எழுத்தில் வெளியாகியிருத்தல் வேண்டியிருந்தது.

இங்குதான் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் கடமை உண்டு. 'பெராக்ஸைடு இட்டோம், பலன் கிடைத்தது' என்னும் குறிப்பால் பயனில்லை. கரைசலின் சதவீதம், நிலைநிறுத்தியாகச் சேர்ந்த பொருள், கலத்தின் வகை, திறந்த நாள், பயன்படுத்திய அளவு, கண்ட விளைவு ஆகிய யாவும் எழுதப்பட வேண்டும். அமிலமிட்ட பர்மாங்கனேட்டுக் கரைசலைக் கொண்டு செறிவை அளக்கும் சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். புட்டி மீதுள்ள எண் இன்றும் பொருந்துமா என்பதை மாணவரும் அறிவர். இக்குறிப்புகள் அலமாரியில் உறங்காமல், தேதியிட்ட அறிக்கைகளாக வெளிவருதல் இன்றியமையாதது.

நம் சட்டப்படி, உரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் எதிர்ப்பவர் கையில் சான்று இருத்தல் வேண்டும். பொதுமக்களின் அறிவு பொதுவுடைமையாகவே நிலைத்திருக்க, இன்று நாம் திருத்தமாக எழுதி வெளியிடும் ஒரு பக்கமே நாளை அரணாகும்.