கண்ணை எடுத்த பிறகு

யுவியல் மெலனோமா நம் நாட்டில் அபூர்வம். தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் கண் மருத்துவம் பார்க்கும் ஒருவர் தம் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இதைச் சந்திப்பார். பி-ஸ்கேனில் சந்தேகம் வந்தால் நகருக்குள் அனுப்புகிறோம். கண் எடுக்கப்பட்டதாகக் கடிதம் வந்ததும் நம் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். நோயாளியோ சேலையூருக்கும் பெருங்களத்தூருக்கும் திரும்பி, சளிக்கும் சர்க்கரைக்கும் நம்மிடம்தான் வருகிறார்.

103 இந்திய நோயாளிகளைப் பற்றி சங்கர நேத்ராலயாவின் பிஸ்வாஸ், கிருஷ்ணகுமார் குழுவினர் 2004இல் எழுதிய கட்டுரையைப் பலர் மறந்திருப்பார்கள். மேலைநாடுகளில் அறுபதை ஒட்டி வருவது இங்கே நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் பரவும்; பெரும்பாலும் கல்லீரலுக்கு, சிலருக்குப் பத்தாண்டு கழித்தும். நாற்பத்தைந்து வயதில் கண்ணை இழந்தவருக்கு அந்தப் பத்தாண்டு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாருக்குப் பரவும்? கட்டியின் அளவு, சிலியரி பாடியைத் தொட்டிருக்கிறதா, எபிதீலியாய்டு செல்கள் உண்டா என்பவை பழைய அளவுகோல்கள். மூன்றாம் குரோமோசோமின் ஒரு பிரதியை இழந்த கட்டிகளே பெரும்பாலும் கொல்கின்றன என்பது 1996இல் தெளிவானது. அதே குரோமோசோமில் உள்ள பி.ஏ.பி.1 மரபணுவின் பழுதை 2010இல் ஹார்பர் குழுவினர் கண்டார்கள். ஜி.என்.ஏ.க்யூ., ஜி.என்.ஏ.11 மாற்றங்கள் பெரும்பாலான கட்டிகளில் இருப்பவை; நோயை உறுதிப்படுத்த உதவுமே தவிர, முன்கணிப்புக்கு ஆகாது. ஆனால் விலையுயர்ந்த பேனல் சோதனையில் இவை ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் குடும்பமே கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கம் வீண்.

அமெரிக்காவுக்குத் திசு அனுப்பிச் செய்யும் ஜீன் எக்ஸ்பிரஷன் சோதனை நம் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாது. அது இல்லாமலும் காரியம் நடக்கும். எடுத்த கண்ணின் பாராஃபின் பிளாக்கில் பி.ஏ.பி.1 ஐ.ஹெச்.சி. செய்தால் போதும்: நியூக்ளியஸில் சாயம் ஏறாவிட்டால் பரவும் ஆபத்து அதிகம். ஓர் எச்சரிக்கை. நிறமி மிகுந்த கட்டிகளில் வழக்கமான பழுப்புச் சாயம் மெலனினோடு கலந்து ஏமாற்றும். நிறமியை வெளுக்கச் செய்தோ சிவப்புச் சாயத்திலோ பார்க்கும்படி நோய்க்குறியியலாளரைக் கேளுங்கள். இன்னொன்று, 2017இல் 80 கட்டிகளை அலசிய டி.சி.ஜி.ஏ. ஆய்வு உட்பட இந்த அறிவின் பெரும்பகுதி வெள்ளையர்களிடமிருந்து வந்தது. நம் எண்களை நாம்தான் சேர்க்க வேண்டும்.

மருந்தே இல்லாத நோய்க்கு முன்கணிப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2022இல் அமெரிக்கா அனுமதித்த டெபென்டஃபஸ்ப் என்ற மருந்து, எச்.எல்.ஏ.-ஏ*02:01 உள்ளவர்களுக்கே பயன்படும். தென்னிந்தியர்களில் ஏ2 வகையின் வேறு கிளைகளும் நிறைய என்பதால் அது நமக்கு ஓரளவே கைகொடுக்கும். ஆனாலும் ஒன்றிரண்டு கல்லீரல் கட்டிகளாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அறுவைக்கு வழி உண்டு. அதற்கு குரோம்பேட்டையிலேயே ரேலா மருத்துவமனை இருக்கிறது. எல்.எஃப்.டி.யை மட்டும் நம்ப வேண்டாம். அது காலம் கடந்துதான் ஏறும். ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை கல்லீரல் ஸ்கேன், முடிந்தால் எம்.ஆர்.ஐ.

அடுத்த முறை இப்படியொருவரை அனுப்பும்போது பரிந்துரைக் கடிதத்திலேயே பி.ஏ.பி.1 முடிவையும் பிளாக் எண்ணையும் கேட்டு எழுதுங்கள். வந்ததும் அவற்றை நோயாளியின் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள்.