கொடுத்தவர் கை வைக்கக் கூடாதா?

“இலவசமாகக் கொடுத்தாச்சு. இனிமே அதுல கை வைக்க அவருக்கு என்ன உரிமை?”

கணினி கேம்களுக்கு மோட் (ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்யும் ஒருவர், தாம் சேர்த்த ஒரு பாத்திரத்தையோ ஊரையோ நீக்கிவிட்டால் உடனே எழும் குரல் இது. முழு மோடையும் எடுத்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்; தலைக்கனம் பிடித்தவர், ரசிகர்களை ஏமாற்றியவர் என்று பட்டங்கள் வரிசையாக வந்து விழும். பல வருடங்களாக மோட் போட்டே ஸ்கைரிம் என்ற கேமை ஆடிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நம்பிக்கை தவறானது, நன்றிகெட்டதும்கூட.

போன மாதம் அண்ணன் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். “சித்தப்பா, இங்க பாருங்க. வீட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல.” ஸ்கைரிமில் ஏரிக்கரையோரம் ஒரு மரவீட்டைச் சேர்க்கும் மோட் அது. வீடு நின்றது. உள்ளே புத்தக அலமாரி இல்லை, கட்டில் இல்லை, அடுப்படியில் ஒரு பாத்திரம்கூட இல்லை. “வேணும்னே எடுத்திருக்காங்க” என்று கொதித்தான். புதிய பதிப்போடு வந்த குறிப்பைப் படித்தாயா என்று கேட்டேன். படிக்கவில்லை. சேர்ந்து படித்தோம். நான்கே வரி. வீட்டுச் சாமான்களின் முப்பரிமாண வடிவங்கள் வேறொருவர் செய்தவை, இனி பயன்படுத்த வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், எடுத்துவிட்டேன், நானே புதிதாகச் செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

பெரிய மோட் பெரும்பாலும் பல கைகள் பட்ட பொருள். ஒருவர் செய்த உடை, இன்னொருவர் செய்த அசைவுகள், மூன்றாமவர் கொடுத்த குரல் எல்லாம் அதில் இருக்கும். அவற்றை அனுமதி கேட்டு வாங்குவதுதான் வழக்கம். கொடுத்தவர் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் நாணயம்.

2015-இல் இது உலகறிய நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி ஸ்டீம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வும் ஸ்கைரிமை உருவாக்கிய பெதெஸ்டாவும் அந்தத் தளத்தில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கின. முதல் தொகுதியில் ஒரு மீன்பிடி மோட் இருந்தது. அது இன்னொரு மோடரின் அசைவுக் கருவியைச் சார்ந்திருந்தது; காசுக்கு விற்க அவர் சம்மதித்திருக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மீன்பிடி மோடைச் செய்தவர் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். தம் சக கலைஞருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அவர் செய்தார். நாலே நாளில், 27-ஆம் தேதி, திட்டமே கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் மோட் செய்தவருக்கு விலையில் 25 சதவீதம்தான். மிச்சம் 75 சதவீதம் இரண்டு நிறுவனங்களுக்கும் போனது. உழைத்தவர் கையில் கால் பங்கு. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் மோடர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நீக்கப்படுபவற்றில் இன்னொரு பெரும்பகுதிக்கும் மோடரின் விருப்பு வெறுப்புக்கும் சம்பந்தமே இல்லை. 2016-இல் ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பு வந்தபோது கன்சோல்களிலும் மோட் போடலாம் என்றானது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் மோட்களுக்கு 5 ஜிபி இடம் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 4-இல் 1 ஜிபிதான். அதோடு, கேமில் ஏற்கெனவே இல்லாத படங்களையோ ஒலிகளையோ வெளியிலிருந்து கொண்டுவரவும் சோனி அனுமதிக்கவில்லை. கணினிக்காகச் செய்த மோடை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் புதிய ஆயுதம், புதிய இசை, புதிய முகம் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருந்தது. கதவைச் சிறியதாக வைத்தவர் ஒருவர். கட்டிலை அறுத்து உள்ளே கொண்டுபோனவர் இன்னொருவர். திட்டு மட்டும் அறுத்தவருக்கு.

கேமின் அடிப்படை மாறும்போதும் இதே கதைதான். 2024 ஏப்ரல் 25 அன்று தன் இன்னொரு கேமான ஃபால்அவுட் 4-க்கு பெதெஸ்டா ஒரு பெரிய அப்டேட் வெளியிட்டது. பல மோட்களுக்கு அஸ்திவாரமான ஸ்கிரிப்ட் நீட்டிப்புக் கருவி அதனால் வேலை செய்யாமல் போனது. லண்டன் நகரையே களமாக வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்ற மோட் அந்த வாரமே வெளிவர இருந்தது. தள்ளிப்போய் ஜூலை 25-ஆம் தேதிதான் வந்தது. பெரிய அணி என்பதால் தாங்கியது. ராத்திரி வேலை முடிந்து வந்து மோட் செய்யும் தனி மனிதர் என்ன செய்வார்? உடைந்துபோன பகுதியைச் சரிசெய்ய நேரமில்லாவிட்டால் எடுத்துத்தான் விடுவார். எடுக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஸ்கைரிமில் ஒரு மோடின் ஸ்கிரிப்ட் நம் சேவ் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அது கோளாறானால் கோப்பு வீங்கும், கேம் திக்கும், நூறு மணி நேர ஆட்டம் ஒரு நாள் திறக்காமலே போகலாம். அந்தப் பகுதியை நீக்கும் மோடர் நம் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறார்.

சரி, காரணமே சொல்லாமல், மனக்கசப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றுதான் சொல்வேன். மோடருக்கு வேறு என்ன உரிமை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெதெஸ்டாவின் கிரியேஷன் கிட் கருவியைப் பயன்படுத்தும்போதே, செய்யும் பொருளை நிறுவனம் காலமெல்லாம் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். தன்னிஷ்டப்படி விற்க முடியாது. சம்பளம் கிடையாது. “இது என் வேலை, இனி என் பெயரில் இது வெளியே இருக்க வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மோட்களை அழியவிடாமல் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். 2021-இல் மோட்களைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளம் இதையொட்டிய ஒரு காரணத்தைத்தான் சொன்னது. பல மோட்களைக் கோத்து ஒரே தொகுப்பாகத் தரும் வசதியைக் கொண்டுவரும்போது, நடுவில் ஒரு கோப்பு காணாமல் போனால் தொகுப்பே உடைந்துவிடும். ஆகவே இனி கோப்புகளை முழுதாக அழிக்க முடியாது, மறைத்து வைக்கலாம் என்று அறிவித்தது. ஒப்பாதவர்கள் ஆகஸ்ட் 5-க்குள் தங்கள் மோட்களை அகற்றிக்கொள்ளலாம் என்று ஒரு மாதம் அவகாசமும் கொடுத்தது. பலர் அகற்றினார்கள். தொகுப்பு உடையாமல் இருப்பது ஆடுபவருக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்கு விலை கொடுத்தவர் மோடர். நிரந்தரமாக இருக்கட்டும் என்று விரும்புபவர்கள் யாரும் எடுத்தாளலாம் என்று உரிமம் எழுதியே வெளியிடுகிறார்கள். அப்படி எழுதாதவரிடம் கேட்டு வாங்குவதுதான் முறை.

ஆடுபவர்களாகிய நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பிடித்த மோடின் பழைய பதிப்பை நம் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; அதை யாரும் தடுக்கவில்லை. அப்டேட் போடும் முன் குறிப்பைப் படிக்கலாம். அண்ணன் மகன் அன்று மரவீட்டை எழுப்பியவரைத் திட்டி நீளமாக ஒன்று தட்டி வைத்திருந்தான். குறிப்பைப் படித்த பிறகு அதை அழித்துவிட்டு, “அலமாரி வரும்வரை காத்திருக்கிறேன், நன்றி” என்று எழுதி அனுப்பினான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவன் குடியிருந்திருக்கிறான். கட்டியவருக்கு அவன் எழுதிய முதல் வார்த்தை அதுதான்.