கூடு வேடந்தாங்கலில், இரை பக்கத்து ஏரிகளில்

சம்பா அறுவடை முடிந்து கை சற்று ஓய்ந்திருக்கும் தை மாதத்தில், செவ்வாப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப ஏற்ற இடம் வேடந்தாங்கல். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு காலையில் வேனில் புறப்பட்டால் ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு, படாளம் வழியாகப் போய்ச் சேரலாம்.

சரணாலயம் என்றதும் பெரிய காட்டை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அது சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் பரப்புள்ள பாசன ஏரிதான். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவை கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால், மதகைத் திறந்தால் வயலுக்குப் பாய்வது எரு கரைத்த நீர். உரக்கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கைப் பறவைகளே மிச்சப்படுத்தித் தருகின்றன. இந்தக் கணக்கு அவ்வூர் விவசாயிகளுக்கு வெகுகாலம் முன்பே தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் பாதுகாப்புக் கவுல் பெற்றவர்கள் அவர்கள். தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசுச் சத்தம் கேட்பதில்லை. 2022-இல் கிடைத்த ராம்சார் அங்கீகாரம் இதற்கெல்லாம் வெகு பிந்தியது. அப்படிப்பட்ட ஊரில் போய் ஹாரன் அடிப்பதும் ரேடியோவை அலறவிடுவதும் என்ன நியாயம்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 74 ஏக்கர் நீரில் அத்தனை குஞ்சுகளுக்கும் இரை கிடைக்காது. தாய்ப்பறவைகள் சுற்றுப்புற ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து போய் மீனும் நத்தையும் கொண்டுவருகின்றன. அந்த ஏரிகள் தூர்ந்தாலும், வயலில் நத்தையைக் கொல்ல விஷம் வைத்தாலும், வேடந்தாங்கலுக்கு மட்டும் வேலி போட்டுப் பயனில்லை. சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவில் கைவைக்கும் யோசனை 2020-இல் எழுந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியதும் இதனால்தான்.

மனைப் பிரிவுகளும் தொழிற்சாலைகளும் நெருக்கிவரும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஏரிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வரத்துக்கால் அடைபட்டால் பாசனமும் போகும், கொக்கும் போகும். ஏரியைத் தூர் வாரும்போது எல்லா மண்ணையும் வெளியேற்றாமல், நடுவில் ஒரு திட்டு அமைத்து நாட்டுக் கருவேல் வைக்கும்படி ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். (சீமைக்கருவேல் அல்ல, அதை ஏரியில் விட்டால் எடுப்பது பெரும்பாடு.) இதற்குப் பெரிய செலவில்லை. கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலுக்குச் செல்லலாம். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் பறவைகள் தங்காது என்பதால் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மாலை 4 மணிக்கு மேல் கரையில் இருந்தால், இரை தேடிப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். எந்தெந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம்.