கொடி சொன்னது என்ன?

தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன? பெரிய வகுப்பு மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவீர்கள். 'இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது.' எடுத்துக்காட்டு, சிலப்பதிகாரக் கொடி. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், அந்தக் கொடியை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்தீர்களா, குட்டி நண்பர்களே?

புகார் நகரில் செல்வத்தை எல்லாம் இழந்த கோவலன், மனைவி கண்ணகியோடு மதுரைக்கு வருகிறான். அவளுடைய சிலம்பை விற்று, மறுபடியும் வாணிபம் செய்யலாம் என்பது அவன் எண்ணம். மதில் மேல் கொடிகள் அசைகின்றன. காற்றடித்தால் கொடி அசையும், அவ்வளவுதான். இளங்கோவடிகளோ, 'இங்கே வராதீர்கள்' என்று அவை கை காட்டித் தடுப்பதுபோல இருந்தன என்கிறார்.

ஏன் தெரியுமா? கதையின் முடிவு அவருக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது. 'அவன் வந்தான்' என்று படர்க்கையில் சொல்பவருக்கு இந்த வசதி உண்டு. இதையே கோவலன், 'நான் வந்தேன்' என்று தன்மையில் சொல்லியிருந்தால்? அதே கொடி, 'வா, வா' என்று அழைப்பதாகத் தோன்றியிருக்கலாம்! கையை ஆட்டி ஒருவரைக் கூப்பிடவும் செய்யலாம், விரட்டவும் செய்யலாம் அல்லவா?

இந்த வேடிக்கையை விட்டுவிட்டு, விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இலை போட்டு உட்கார வைத்து, பலகாரங்களின் பெயரை மட்டும் ஒப்பிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. 'இக்காட்சியைக் கோவலன் கூறுவதாக எழுதுக' என்று வினாத்தாளில் ஒரு கேள்வி வரட்டுமே! ஆளுக்கொரு விடை எழுதுவீர்கள், திருத்துவது சிரமம்தான். ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கதையைச் சொல்வது யார் என்று பார்ப்பது பரீட்சைக்கு மட்டுமா? 'கோவலன்தான் திருடன்' என்று பொற்கொல்லன் சொன்ன கதையைக் கேட்டான் பாண்டிய மன்னன். கோவலனைக் கூப்பிட்டு அவன் கதையைக் கேட்கவில்லை. ஓர் உயிர் போய்விட்டது. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். இதிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். அப்போதுதான் மறுபக்கம் தெரிந்தது.

உங்கள் வகுப்பிலும், "சார், இவன் என்னைத் தள்ளிட்டான்!" என்று ஒருவன் அழுதுகொண்டே சொல்வான். அதுவும் தன்மையில் சொன்ன கதைதான். தள்ளியது உண்மையாகவே இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நடந்தது அந்தக் கதையில் இருக்காது. அது மற்றவனிடம் இருக்கிறது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் காகம், நரி, வடையிலிருந்து தொடங்கலாம். நரி சொன்னால் எப்படி, காகம் சொன்னால் எப்படி என்று எழுதிப் பாருங்கள். பாட்டியை விட்டுவிடாதீர்கள். வெயிலில் அடுப்பருகே உட்கார்ந்து வடை சுட்டவர் அவர். அவருக்குக் காகமும் திருடன், நரியும் திருடன். எனக்குத் தெரிந்து, அவரிடம் இதுவரை யாரும் கதை கேட்டதில்லை.