போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை



"ஆபத்துக்குப் பாவமில்லை" என்பார்கள். போர் வந்தால் எந்த அரசும் இதைத்தான் சொல்லும். விலை, வியாபாரம், தொழில் எல்லாம் அதன் கைக்குள் போய்விடும். ஆபத்து தீர்ந்தபின் அந்தக் கை திறக்கிறதா? இதுதான் என் கேள்வி.

1962 அக்டோபர் 20-ல் சீனப் போர் தொடங்கியது. நவம்பர் 21-ல் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. ஒரே மாதம்தான். ஆனால் 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. அப்போது நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது! கடத்தல் தங்கத்தில் அந்நியச் செலாவணி கரைகிறது என்பது அரசு சொன்ன காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் 14 காரட்டில் தாலி செய்யச் சொல்லி யார் வருவார்கள்?

பொன்னமராவதியில் நகைப் பட்டறையில் உட்கார்ந்திருந்த எங்க தாத்தாவுக்கு அப்போது என் வயசு. "குறடு இருந்துச்சு, ஊதுகுழல் இருந்துச்சு, வேலைதான் இல்லப்பா" என்று இன்றும் சொல்வார். மண் சுமக்கப் போனார். எங்கள் வீட்டுக்குப் படிப்பு வர இரண்டு தலைமுறை ஆயிற்று.

14 காரட் விதி 1966-ல் போனது. ஆனால் 1968-ல் தனிச் சட்டமே வந்தது. லைசென்ஸும் கணக்குப் புத்தகமும் தொடர்ந்தன. 1990-ல்தான் அது ரத்தானது. ஒரு மாதப் போருக்கு 27 வருஷக் கட்டுப்பாடு!

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1942-ல் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தப் போர்க்காலத்தில் வேரூன்றியதுதான் ரேஷன். 1952-ல் ராஜாஜி அதை எடுத்தார். பிறகு வேறு உருவில் திரும்பி வந்தது. இன்று ரேஷன் அரிசி இல்லாவிட்டால் நம்மில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கும்? ரேஷன் மக்களுக்குத் தேவைப்பட்டு நிலைத்தது. தங்கக் கட்டுப்பாடு அரசு விடாததால் நிலைத்தது.

சட்டத்தில் முடிவுத் தேதி போட்டால் மட்டும் போதுமா? போதாது. 1946-ல் வந்த அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக' என்று இருந்தது. அதை நீட்டி நீட்டி, 1955-ல் நிரந்தரச் சட்டமே வந்துவிட்டது. இன்றும் அமலில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறை நீட்டும்போதும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதனால் யார் வயிறு நிறைகிறது? யார் பட்டறை மூடுகிறது? மூடினவனுக்கு முதலில் வழி சொல்லிவிட்டு, பிறகு சட்டம் போடட்டும்.

தொழில் படிக்கிற நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?