வலியும் விதியும்

தீராத நோயால் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குச் செல்போன் மூலம் வைத்திய உதவி செய்யும் ஏற்பாட்டை நாம் முழுமனதோடு வரவேற்கின்றோம். விபூதி பூசியும், நேர்த்திக்கடன் நேர்ந்தும், "முன்ஜென்ம வினை" என்று தலையில் அடித்துக்கொண்டும் காலந்தள்ளிய வீட்டில், இருபது மைலுக்கப்பாலிருக்கும் டாக்டரம்மாளின் முகம் ஒரு சிறு கண்ணாடியில் தோன்றி, "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று கேட்கின்றதென்றால், அது மனிதனுடைய புத்தி செய்த காரியமே ஒழிய எந்தச் சாமியும் செய்த காரியமல்ல.

எலும்பில் புற்றுநோய் பரவிய ஒருவரைத் தூக்கி, வாடகைக் கார் பிடித்து, ஜில்லா ஆஸ்பத்திரி வரிசையில் கிடத்தி, திரும்பக் கொண்டு வருவதற்குள் அவர் படும் பாடு நோயின் பாட்டைவிடப் பெரிது. கூடப் போனவருக்கு அன்றையக் கூலியும் போயிற்று. படுக்கைப் புண்ணைப் படம் பிடித்து அனுப்பினால், எப்படிக் கழுவுவது, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று நர்ஸ் சொல்லிவிடலாம். நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் யாரைக் கேட்பது என்ற திகைப்பும் குறையும். (அதே செல்போனில்தான் கோமியத்தால் புற்றுநோய் தீரும் என்கிற புளுகும் வந்து விழுகின்றது. அது கருவியின் குற்றமல்ல.)

நிற்க. டாக்டர் பார்த்தாயிற்று, நோயாளி ஒன்பது என்று சொல்லியுமாயிற்று. பிறகு என்ன? கடும் வலிக்கு மார்பின் மாத்திரை வேண்டும். ஆனால் 2020 மார்ச் 25-ந் தேதி இந்திய சர்க்கார் வெளியிட்ட தொலை மருத்துவ விதிகளின்படி, போனில் பார்த்து மார்பின் எழுதிக் கொடுக்கக் கூடாது. நேற்று நேரில் பார்த்த நோயாளியாயிருந்தாலும் கூடாது. தலைவிதி என்று சொன்ன பூசாரிக்கும், சட்டவிதி என்று சொல்லும் அதிகாரிக்கும், வலியில் துடிக்கின்றவனைப் பொறுத்தவரை என்ன பேதம் என்று கேட்கின்றோம்.

மார்பின் என்றதும் "போதைப் பழக்கம்" என்று பயப்படுகின்றவர்கள் உண்டு. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பினை அளவறிந்து, நேரம் தவறாமல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வழி வகுத்துச் சொல்லிவிட்டது. சாதாரண மாத்திரையை நாலு மணிக்கொரு தரம் கொடுத்து, வலி தணிந்ததா, மலச்சிக்கல் உண்டா, தூக்கம் மிஞ்சிற்றா என்று தினமும் விசாரித்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தினமும் விசாரிப்பதற்குச் செல்போனைவிட ஏற்ற கருவி எது? எந்த வேலைக்கு அது மிகவும் தகுந்ததோ, அந்த வேலைக்கே அதை விலக்கி வைத்திருப்பது புத்திசாலித்தனமா?

இன்னொரு வேடிக்கை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தே அபின் பயிராகின்றது. வெளிதேசங்களுக்கும் அது ஏற்றுமதியாகின்றது. நம் வயலில் விளைந்தது அயலான் வலியைத் தீர்க்கும். நம் கிராமத்துக் கிழவி மட்டும் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி, பல லைசென்ஸ் வாங்கும் தொல்லையை ஒன்றாகக் குறைத்தார்கள். அது நல்ல காரியம். அதே புத்தி 2020-ல் ஏன் இல்லை?

திருட்டுத்தனமாய் விற்றுவிடுவார்களே என்பார்கள். அதற்கு வழியில்லாமலில்லை. ஒரு தரம் டாக்டர் நேரில் பார்க்கட்டும்; பிறகு அளவை மாற்றுவதும் மறுபடி எழுதிக் கொடுப்பதும் போனில் நடக்கட்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கட்டும். நர்ஸ் எண்ணிக் கொடுத்து, கணக்கில் எழுதி, நோயாளி இறந்தபின் மிச்சத்தைத் திரும்ப வாங்கிக் கொள்ளட்டும். இதை டில்லியில் கேட்க வேண்டியது நமது பிரதிநிதிகளின் கடமை.

போன் இருக்கின்றதே என்று நர்ஸைக் குறைத்துவிடலாமென்று எந்த மந்திரியாவது கணக்குப் போட்டால் அதையும் எதிர்க்க வேண்டும். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணத் தொண்டு ஊர் ஜனங்கள் வீடு வீடாய் நடந்ததால்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும் இந்த நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது சேர்க்கப்பட்டிருக்கின்றது. மேலும், பல வீடுகளில் செல்போன் இருப்பது புருஷன் சட்டைப் பையில். மாமியாரின் மலத்தை எடுத்து, புண்ணைத் துடைத்து, இரவெல்லாம் கண்விழிப்பவள் மருமகள். டாக்டர் பேசவேண்டியது அவளோடு. ஆகவே அந்தக் கருவியை முதலில் அவள் கையில் கொடுங்கள்.